சிப்பி வடிவ வீடு: ஸ்மார்ட் வயரிங்கை எப்போது முடிவு செய்வது?

கேள்வி: கோவை அருகே 20 சென்ட் இடத்தில், சிப்பி ஓடு போல வளைந்த சுவரும் குவிமாடக் கூரையுமாக ஃபெரோசிமென்ட் வீடு கட்டப்போகிறோம். விளக்கு, திரைச்சீலை, ஏசி, பூட்டு எல்லாமே ஸ்மார்ட்டாக வேண்டும். "இப்போது எல்லாம் வயர்லெஸ்தான், பூச்சு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். சரிவருமா?

பதில்: செங்கல் வீடாக இருந்தால் அவர் சொல்வதை யோசிக்கலாம். இந்த வீட்டுக்குச் சரிவராது. கம்பிக்கூட்டின் மேல் பல அடுக்குக் கோழிவலையைக் கட்டி, அதற்குள் சிமென்ட் கலவையைத் திணித்து எடுக்கும் 25 முதல் 40 மி.மீ. ஓடுதான் ஃபெரோசிமென்ட். வீட்டைத் தாங்குவது அந்த வலை. வைஃபையைத் தடுப்பதும் அதே வலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 செ.மீ. வலையின் கண்ணோ 12 மி.மீ. அளவு, அதுவும் அடுக்கடுக்காக. அலைநீளத்தைவிட மிகச் சிறிய கண் என்பதால் அலையின் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்பிவிடும். ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் ஸ்மார்ட் கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அவற்றுக்கும் இதே கதி. கதவு, ஜன்னல் வழியாகக் கசிந்து வருவதை நம்பிப் பூட்டையும் விளக்கையும் வைக்க முடியாது.

ஆகவே ஒவ்வோர் அறைக்கும் வைஃபை தரும் தனி ஆக்சஸ் பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் ரேக்கிலிருந்து (இன்டர்நெட் கருவிகளை வைக்கும் அலமாரி) நேராக ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள். அதிலேயே மின்சாரமும் போகும்படி பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும்) சுவிட்ச் போட்டால் கூரையில் தனி பிளக் தேவையில்லை. விளக்கு, திரை, ஏசி கட்டுப்பாட்டுக்கு கேஎன்எக்ஸ் (வீட்டுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொதுத் தரம்) போன்ற கம்பிவழி முறையே நல்லது. ஒவ்வொரு விளக்கு சர்க்யூட்டையும் தனித்தனியாக மின்பலகைக்குக் கொண்டுவாருங்கள். கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்கள் அங்கே இருக்கட்டும். சுவர் பட்டனுக்குக் கட்டளையைக் கடத்தும் மெல்லிய பச்சை பஸ் கேபிள் மட்டும் போதும். அதை 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் இழுக்கக் கூடாது. இந்த பஸ் கேபிள் ஒரு லைனில் மொத்தம் 1,000 மீட்டர் வரை, பவர் சப்ளையிலிருந்து ஒரு கருவிக்கு 350 மீட்டர் வரை போகலாம். உங்கள் வீட்டுக்குத் தாராளம். ஆனால் வட்ட வீட்டில் ஒரு ஆபத்து உண்டு. சுவரைச் சுற்றிக் கேபிளைக் கொண்டுபோகும் எலக்ட்ரீஷியன், கடைசி முனையைத் தொடக்கத்தோடு இணைத்துவிடுவார். கேஎன்எக்ஸ் லைன் வளையமாக மூடவே கூடாது. கிளை பிரியலாம், முனைகள் சேரக் கூடாது.

அடுத்து, பைப் எங்கே போகும்? இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. 35 மி.மீ. ஓட்டில் 25 மி.மீ. பைப்பைப் புதைத்தால் இருபுறமும் மிஞ்சும் கலவை 5 மி.மீ.தான். அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். பூச்சு முடிந்தபின் காடி எடுத்தாலோ, வெட்டுப்படுவது வீட்டைத் தாங்கும் வலை. எனவே பைப்புகளைத் தரைத்தளக் கலவைக்குள் கொண்டுவந்து, சுவரில் ஏறும் இடத்தை மட்டும் 75 முதல் 100 மி.மீ. தடிமனுள்ள விலாவாக (தடித்த பட்டையாக) ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரையச் சொல்லுங்கள். சுவிட்ச் பாக்ஸ்களும் அந்த விலாவில்தான். இரண்டு ஜங்ஷன் பாக்ஸுக்கு இடையில் 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம், வயர் இழுபடாது. கலவை பூசும் முன், எல்லாப் பைப்பிலும் இழுகம்பி விட்டுப் பாருங்கள். டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள்.

வளைந்த சுவரில் நேரான பொருள் எவ்வளவு விலகி நிற்கும் என்பதை முன்பே கணக்கிடலாம். பொருளின் அகலத்தை அதே எண்ணால் பெருக்கி, சுவர் வளைவின் ஆரத்தைப் போல எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஆரம் 3 மீட்டர் என்றால், 1 மீட்டர் அகல ஏசிக்கு 42 மி.மீ.; 123 செ.மீ. அகலமுள்ள 55 அங்குல டிவிக்கு 63 மி.மீ. உள்வளைந்த சுவரில் ஓரங்கள் ஒட்டி நடுவில் இடைவெளி விழும். வெளிவளைந்த சுவரில் நடு ஒட்டி ஓரங்கள் தூக்கி நிற்கும். 22 செ.மீ. சுவிட்ச் பலகைக்கு 2 மி.மீ.தான், அதைப் பட்டி பார்த்து மறைத்துவிடலாம். ஏசிக்கும் டிவிக்கும் தட்டையான திண்டு ஒன்றை வலை கட்டும்போதே அமைக்க வேண்டும். இந்த வீட்டுக்கு மறைவான டக்ட் ஏசி இன்னும் அழகு. மோட்டார் திரைக்கான தண்டவாளத்தை வரைபடத்தை வைத்து ஆர்டர் செய்யாதீர்கள். பூச்சு முடிந்த சுவரில் பிளைவுட் அச்சு எடுத்துக் கொடுங்கள்.

குரல் கட்டளை ஆசை இருந்தால் கூரை வளைவைக் கவனியுங்கள். அரைக்கோளக் கூரை 1.2 மீட்டர் உயரச் சுவரிலிருந்து எழுந்தால், அதன் மையம் உட்கார்ந்திருப்பவர் காதருகே வரும். எல்லா எதிரொலியும் அங்கே குவியும். கருவிக்கும் பேச்சு குழம்பும், உங்களுக்கும் தலைவலி. மையம் காது மட்டத்தைவிட்டு விலகும்படி வளைவை மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஒலி உறிஞ்சும் பூச்சு கேளுங்கள்.

வெயிலை மறக்க வேண்டாம். இவ்வளவு மெல்லிய ஓடு வெப்பத்தைத் தடுக்காது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இருந்தாலும் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மெக்சிகோவில் கட்டடக் கலைஞர் ஹாவியர் செனோசியன் 1980-களில் கட்டிய ஃபெரோசிமென்ட் வீட்டின் மேல் மண்ணும் புல்லும் போர்த்தியிருக்கிறார். உங்களால் அது முடியாவிட்டால், இரட்டை ஓடு கட்டி நடுவில் 50 மி.மீ. பாலியூரித்தேன் நுரை வையுங்கள். செலவு கூடும், ஆனால் பைப் போக வழியும் அதிலேயே கிடைக்கும், விலாக்கள் குறையும்.

வலை முழுவதும் இரும்பு என்பதால் அதை எர்த்தோடு இணைப்பது கட்டாயம். எங்காவது வயர் உரசினால் சுவரே ஷாக் அடிக்கும். மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி), டைப் 2 சர்ஜ் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்) பாதுகாப்பு, ஸ்மார்ட் கருவிகளை இயக்கும் கன்ட்ரோலருக்கும் ரேக்கிற்கும் ஒரு யுபிஎஸ் ஆகிய மூன்றையும் இப்போதே எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள்.