ஃப்ரீலான்ஸ் தளங்களில் காசு கட்டி விளம்பரம் செய்வது பயன் தருமா?

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில் இருந்து, இணையத்தில் வேலை எடுக்கும் தளங்களான ஃபைவரிலும் அப்வேர்க்கிலும் லோகோ வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஏழு மாதங்களில் ஐந்து ஓடர்கள்தான் கிடைத்துள்ளன. கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசில் 50 டொலரை விளம்பரத்துக்குப் போடலாம் என்று நினைக்கிறேன். பயன் கிடைக்குமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் "விளம்பரமே வீண்" என்று நான் சொல்லவில்லை. நானே இன்றும் ஆண்டில் சில மாதங்கள் காசு கட்டி விளம்பரம் செய்கிறேன். எந்த நிலையில் அது உதவும், எந்த நிலையில் அது அண்ணாவின் காசைத் தின்னும் என்பதை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் படவரைஞராக இருக்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வீட்டுத்திட்டங்களுக்கு வரைபடம் கீறிய அலுவலகமொன்றில் தொழில் பழகி, அந்த வேலைகள் குறைந்துபோன காலத்தில் ஆட்டோகேட் (கணினியில் வரைபடம் கீறும் மென்பொருள்) வேலைகளை இணையத்தில் எடுக்கத் தொடங்கினேன். கையால் கீறிய வீட்டுப் படங்களை அளவு பிசகாமல் கணினி வரைபடமாக மாற்றிக் கொடுப்பதுதான் என் முதன்மையான வேலை.

முதலில், காசு எதற்காகக் கழிகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஃபைவரில் உள்ள கட்டண விளம்பரம் கிளிக் கணக்கில் நடப்பது. ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று நீங்கள் ஒரு தொகையைக் குறிக்கிறீர்கள், மற்றவர்களும் குறிக்கிறார்கள், யாருடைய பக்கம் மேலே வருவது என்பது ஏலத்தில் தீர்மானமாகிறது. முல்லைத்தீவுக் கரையில் மீனை ஏலம் கூறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏலத்தில் வென்றவருடைய பெட்டிக்கு மீன் வந்துவிடும். இங்கே ஏலத்தில் வென்றவருக்குக் கிடைப்பது, யாரோ ஒருவர் வந்து அவருடைய மீனை எட்டிப் பார்ப்பது மட்டுமே. பார்த்தவர் வாங்காமல் போனாலும் பார்த்ததற்கான காசு கழிந்துவிடும். போதாததற்கு, அப்படி எட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் வாங்க வந்தவர்கள் அல்லர். விலை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக மற்றவர்களின் விளம்பரங்களை நானே பலமுறை கிளிக் செய்திருக்கிறேன். அந்தப் பாவக் கணக்கும் இருக்கிறது.

அந்த வசதியும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தளம் தகுதி பார்த்தே திறந்துவிடுகிறது. ஐந்து ஓடர்களுடன் உங்களுக்கு அது திறக்காமலும் இருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பக்கத்துக் கேள்வி அத்தோடு முடிந்தது.

அப்வேர்க்கின் முறை வேறு. அங்கே வேலைக்கு விண்ணப்பிப்பதற்கே 'கனெக்ட்ஸ்' என்ற, காசு கொடுத்து வாங்கும் புள்ளிகள் வேண்டும், அவற்றில் ஒன்றின் விலை 15 சதம், அதாவது 0.15 டொலர். அதற்கு மேலும் கனெக்ட்ஸ் வைத்து ஏலம் கேட்டு வென்றால் உங்கள் விண்ணப்பம் வேலை தருபவரின் பட்டியலில் மேலே நிற்கும். ஒரு வேலைக்கு 16 கனெக்ட்ஸ் கேட்கிறார்கள், முன்னிடத்துக்காக நீங்கள் இன்னும் 30 வைக்கிறீர்கள் என்று வையுங்கள். 46 கனெக்ட்ஸ், 6.90 டொலர். இப்படிப் பத்து வேலைகளுக்குப் போட்டால் 69 டொலர், உங்கள் 50 டொலர் ஏழாவது விண்ணப்பத்துடனேயே கரைந்துவிடும். ஒரு வேலை கிடைத்தாலும் அது 20 டொலர் லோகோவாக இருந்தால், வயலுக்கு விதைத்ததை விடக் குறைவாக அறுத்த கதைதான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முதன்முதலில் கிளிக் விளம்பரம் போட்டபோது (எந்தத் தளம் என்பது இங்கே தேவையில்லை, தவறு என்னுடையது) மனைவி கட்டிய சீட்டுக்காசில் ஒரு பகுதியை அதற்கு எடுத்தேன். ஒரு பழைய கொப்பியில் நான்கு நிரல்கள் கீறி, ஒவ்வொரு இரவும் திகதி, கிளிக், விசாரித்து வந்த செய்தி, ஓடர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் முடிந்தபோது கிளிக் நிரலில் 71 இருந்தது, செய்தி நிரலில் 3 இருந்தது, ஓடர் நிரலில் கோடு மட்டும் இருந்தது. அந்த மூன்று செய்திகளில் ஒன்று, தனக்கு வேலை தரும்படி இன்னொரு படவரைஞர் கேட்டு எழுதியது.

விளம்பரத்தைத்தான் முதலில் திட்டினேன். உண்மையை எடுத்துச் சொன்னவள் வவுனியாவில் படித்துக்கொண்டிருந்த என் மருமகள். விடுமுறைக்கு வந்திருந்தவள் தன்னுடைய கைத்தொலைபேசியில் என் பக்கத்தைத் திறந்து, சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன, கரும்பலகையில கோழி கிளறின மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். ஆட்டோகேட்டின் கறுப்புத் திரையை அப்படியே படம் பிடித்து முகப்புப் படமாகப் போட்டிருந்தேன். கணினியில் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. தொலைபேசியில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியபோது, மெல்லிய மஞ்சள் கோடுகளும் பச்சைக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, என்ன விற்கிறேன் என்பதே விளங்கவில்லை.

அன்றிரவே படத்தை மாற்றினோம். இடது பாதியில், சதுரக் கோட்டுத் தாளில் பென்சிலால் கீறி, தேநீர்க் கறை பட்ட ஒரு வீட்டுப் படம். வலது பாதியில், அதே வீட்டை வெள்ளைப் பின்னணியில் சுவர்களைத் தடித்த கோடாகக் காட்டிய சுத்தமான வரைபடம். நடுவில் ஓர் அம்புக்குறி. எழுத்து எதுவும் இல்லை. விவரத்தின் முதல் வரியில் "12 ஆண்டு அனுபவம்" என்று என்னைப் பற்றி இருந்ததை நீக்கிவிட்டு, "உங்கள் கைப்படத்தைத் தொலைபேசியில் எடுத்து அனுப்புங்கள், இரண்டு நாளில் வரைபடம் வரும்" என்று வாங்குபவர் செய்ய வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதினோம். விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். அடுத்த இரண்டு மாதங்களில் காசு கொடுக்காமல் தானாக வந்த கிளிக்குகளில் இருந்தே நான்கு ஓடர்கள் வந்தன. முன்பு வந்தவர்களை விட அதிகமானவர்கள் வரவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகாமல் நின்றார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் போட வேண்டிய கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஓர் ஓடருக்கு எத்தனை கிளிக் தேவைப்படுகிறது என்பதை, காசு கொடுக்காத காலத்திலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். ஃபைவர் விற்பவரிடம் 20 சதவீதம் எடுக்கிறது. ஆகவே 40 டொலர் ஓடரில் உங்கள் கைக்கு 32 டொலர் வரும். ஒரு கிளிக் 40 சதம் என்றால் அந்த 32 டொலருக்குள் 80 கிளிக்குகள் அடங்கும். ஐம்பது பேர் கிளிக் செய்தால் ஒருவர் வாங்குகிறார் என்றால் விளம்பரத்துக்கு 20 டொலர் போய் 12 டொலர் மிஞ்சும். நூறு பேருக்கு ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் வேலையையும் செய்து கொடுத்து, கையில் இருந்து 8 டொலரும் கொடுத்திருப்பீர்கள். இருபது பேருக்கு ஒருவர் வாங்கும் பக்கம் உங்களிடம் இருந்தால் 24 டொலர் மிஞ்சும். அப்போது விளம்பரத்தை நிறுத்துவதுதான் மடைத்தனம்.

இதே கணக்கை 15 டொலர் லோகோவுக்குப் போட்டுப் பாருங்கள். கைக்கு வருவது 12 டொலர், அதற்குள் அடங்குவது 30 கிளிக். லோகோ போன்று ஆயிரக்கணக்கானோர் விற்கும் பொருளில், ஐந்து மதிப்புரைகளை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது பேருக்கு ஒருவரை வாங்க வைப்பது மிகவும் கடினம். மலிவான சேவை விளம்பரச் செலவைத் தாங்காது. விலை கூடிய, குறைந்த பேர் செய்யும் சேவைதான் தாங்கும். என்னுடைய பக்கத்திலும் சாதாரண வீட்டுப் படத்துக்கு நான் விளம்பரம் போடுவதில்லை, கூரைச் சட்டக விவரப் படங்களுக்கு மட்டுமே போடுகிறேன்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் ஒன்று உண்டு. அது திரும்பி வரும் வாடிக்கையாளர். ஆஸ்திரேலியாவில் சிறிய அளவில் கூரை வேலை செய்யும் ஒருவர் என்னுடைய விளம்பரத்தின் வழியாகத்தான் வந்தார். அவரைக் கொண்டுவந்த வாரத்தில் ஓடரின் பெறுமதியை விட விளம்பரச் செலவு அதிகம். கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதினேன். அதன் பிறகு அவர் பதினொரு வேலைகள் தந்தார், அவற்றுக்கு ஒரு சதமும் விளம்பரச் செலவில்லை. ஆகவே, ஒருவருக்கு ஒருமுறைதான் தேவைப்படும் சேவையா, மாதாமாதம் தேவைப்படும் சேவையா என்று பாருங்கள். ஒரு கடைக்கு ஒரு லோகோ போதும். அதே கடைக்கு ஒவ்வொரு மாதமும் சமூக ஊடகப் படங்கள் இருபது தேவைப்படலாம்.

எங்கள் பக்கத்து நிலைமைக்கு உரிய சில விடயங்களும் இருக்கின்றன. நியூயோர்க்கில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது மணி என்பது எங்களுக்கு மாலை ஆறரை, அங்கே பிற்பகல் மூன்று என்பது இங்கே நள்ளிரவு கடந்து அரை மணி. விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தால், அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார், கிளிக் காசு உங்களுடையது. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனதே, அந்த நாட்களில் விளம்பரம் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் அள்ளுவது போல இருந்தது. இப்போதும் காலபோக நெல் அறுவடை நேரத்தில் நான் விளம்பரத்தை நிறுத்திவிடுகிறேன், ஏனென்றால் இயந்திரம் வரும் நாளில் வரம்பில் நின்றுகொண்டு வாடிக்கையாளருக்குப் பதில் எழுத முடியாது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் சிக்னலுக்காக வீட்டுக்கு வெளியே வந்து நின்றுதான் செய்தி அனுப்புகிறார். அவருக்கும் விளம்பரம் வேண்டாம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

காசு வரும் வழியையும் கணக்கில் சேருங்கள். பேபால் மூலம் இலங்கையில் இருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது. ஆகவே பெரும்பாலும் பயோனியர் என்ற இன்னொரு பணப் பரிமாற்றச் சேவை வழியாகத்தான் வங்கிக்கு எடுக்கிறோம், ஒவ்வொரு படியிலும் சிறிது கழிகிறது. அப்வேர்க்கில் 2023 முதல் 10 சதவீதமாக இருந்த கட்டணம், 2025 மே முதல் ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை மாறுகிறது. அத்துடன் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து இலங்கையிலும் 15 சதவீதம் வரை வருமான வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதால் உங்களை இப்போது அது தொடாது. இருந்தாலும் விளம்பரத்துக்குப் போன காசின் பற்றுச்சீட்டுகளைத் தொழிற்செலவாக இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

"காசு தாருங்கள், உங்கள் பக்கத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று தளத்துக்கு வெளியே இருந்து செய்தி அனுப்புபவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அவர்கள் பொய் ஓடர்களையும் பொய் மதிப்புரைகளையும் விற்கிறார்கள், பிடிபட்டால் கணக்கு முடங்கும், முடங்கும் கணக்கு உங்களுடையது.

அண்ணாவின் 50 டொலரை என்ன செய்வது என்றால், முதலில் அதைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் பக்கத்தைப் புதுக்குடியிருப்புச் சந்தையில் கடை வைத்திருக்கும், கணினியோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் தொலைபேசியில் காட்டி, "இவர் என்ன விற்கிறார், என்ன விலை?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் முகப்புப் படம்தான் முதல் வேலை. பிறகு கற்பனைக் கடைகளுக்கு அல்ல, உங்கள் ஊரில் உண்மையாக இருக்கும் மூன்று கடைகளுக்கு இலவசமாகவேனும் லோகோ செய்து, அவற்றின் பெயர்ப்பலகையில் ஏறிய பின் எடுத்த படத்தை மாதிரியாகப் போடுங்கள். திரையில் இருக்கும் லோகோவை விட வெயிலில் நிற்கும் பலகையை வாங்குபவர் நம்புவார். அதற்குப் பின்னர் முப்பது நாள் எண்ணுங்கள். கிளிக் எத்தனை, ஓடர் எத்தனை என்ற இரண்டு எண்களையும் உங்கள் விலையையும் இந்தப் பதிலின் கீழே எழுதினால், 50 டொலரில் பத்து டொலரையாவது போட்டுப் பார்க்கலாமா என்று நானும் சேர்ந்து கணக்குப் பார்க்கிறேன்.