கீட்டோவில் இறங்கிய நிறை ஏன் திரும்ப ஏறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

சோறு, பாண், சீனி போன்ற மாச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ சாப்பாடு பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன, அதனால் இந்த இதழில் அது மட்டும்தான். மூட்டு வலி, முடி கொட்டுதல் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 43, ஆசிரியை. இரண்டு வருசத்துக்கு முன் 84 கிலோ இருந்தேன். கீட்டோ தொடங்கி ஒன்பது மாதத்தில் 69க்கு வந்தேன். பிறகு அப்படியே நின்று, இப்போது 76. சோறு, பாண், சீனி எதையும் தொடுவதில்லை. காலையில் பட்டரும் தேங்காய் எண்ணெயும் போட்ட கோப்பி, பள்ளிக்கூடத்தில் இரண்டு கை கஜு, மத்தியானம் மீனோ இறைச்சியோ சம்பலோடு, இரவில் முட்டையும் சீஸும். நிறை நின்றால் கொழுப்பைக் கூட்டச் சொல்லி யூரியூப்பில் சொன்னார்கள். கூட்டினேன், நிறைதான் கூடியது. – வாசகி, மல்லாவி

ரீச்சர், முதலில் அந்த யூரியூப்காரரை நிறுத்துங்கள்.

தொடக்கத்தில் உங்களுக்கு நிறை இறங்கியதில் மாயம் ஒன்றுமில்லை. மாச்சத்தை நிறுத்தியதும் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருந்த மாச்சத்து கரைந்தது, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போனது, முதல் இரண்டு மூன்று கிலோ அப்படிப் போனதுதான். அதற்குப் பிறகு பசி குறைந்தது. சோறும் பாணும் விஸ்கோத்தும் இல்லாததால் சாப்பாட்டில் தெரிவே குறைந்துபோய், நீங்கள் அறியாமலே குறைவாகச் சாப்பிட்டீர்கள். கொழுப்புக் கரைந்தது அதனால்தான். கீட்டோவில் கலோரிக் கணக்கு இல்லை என்று பலர் நம்புவதற்குக் காரணம் அந்த முதல் மாதங்களில் கணக்கு தன்பாட்டில் சரியாக வருவதுதான்.

இப்போது இரண்டு விசயம் மாறிவிட்டது. உடம்பு சிறுத்துவிட்டது, சிறுத்த உடம்புக்குத் தேவையும் குறைவு. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கலோரி குறைவாகச் செலவாகும், 15 கிலோவுக்கு அது 300 முதல் 450 கலோரி. பெரிய உழவு மெசினுக்கு அடித்த அளவு டீசலை லான்ட்மாஸ்டருக்கும் அடித்தால் வழியத்தானே செய்யும்? இரண்டாவது, இழந்த நிறையைத் திருப்பி எடுக்க உடம்பு பசியை மெல்ல மெல்லக் கூட்டும். இது உங்கள் மனவுறுதியில் வந்த குறை இல்லை, நிறை குறைந்த எல்லாருக்கும், எந்தச் சாப்பாட்டு முறையிலும் நடப்பது.

உங்கள் தட்டைப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி பட்டர் 100 கலோரி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் 120. அந்தக் கோப்பி ஒரு கப் சோற்றுக்குச் சமம், ஆனால் வயிறு நிரம்பாது. இரண்டு கை கஜு 60 கிராம் என்று வைத்தால் 330 கலோரி, அதில் மாச்சத்து மட்டும் 18 கிராம். நாளுக்கு 20 கிராம் என்று எல்லை வைத்திருந்தீர்களானால் அது பள்ளிக்கூட இடைவேளையிலேயே முடிந்துவிடுகிறது! துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரி, சம்பலை யார் நிறுத்துப் போடுகிறார்கள்? பதினைந்து மாதத்தில் 7 கிலோ கூடியிருக்கிறது. அதைச் சராசரிப்படுத்தினால் நாளுக்குக் கூடுதலாகப் போனது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் அளவுதான். கள்ளத்தீனி ஒன்றும் தேவையில்லை, இவ்வளவு போதும்.

ஆகவே மாச்சத்தை இன்னும் இறுக்காதீர்கள், 20ஐ 10 ஆக்குவதால் ஒன்றும் வராது. குறைக்க வேண்டியது கொழுப்பை. உங்கள் உடம்பில் எரிக்கவே கொழுப்பு இருக்கும்போது கோப்பியிலும் ஏன் ஊற்ற வேண்டும்? கோப்பியை வெறுமனே குடியுங்கள், கூட இரண்டு அவித்த முட்டை சாப்பிடுங்கள். கஜுவை வீட்டிலேயே சின்னக் கிண்ணத்தில் அளந்து எடுத்துப் போங்கள், பைக்கற்றைப் பள்ளிக்கூட மேசையில் வைக்க வேண்டாம். புரதம் கூடினால் கீட்டோசிஸ், அதாவது உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற எரிபொருளை உண்டாக்கும் நிலை, உடைந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண் பயம். இந்த வயதில், நிறை குறைக்கும்போது, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும், 70 கிலோ என்றால் 84 முதல் 112 கிராம். விரால், ஊர்க்கோழி, முட்டை எல்லாம் நம்மிடம் இருக்கும்போது வெளிநாட்டுப் பாதாம் மாவுக்குக் காசைக் கொட்டுவது எனக்கு விளங்குவதில்லை. முருங்கை இலை, வல்லாரை, கத்தரி, பயற்றங்காய் என்று தட்டில் பாதி நிறையட்டும், ஆனால் பாற்கறியாக இல்லாமல்.

அப்புறம் உடற்பயிற்சி. குளக்கட்டில் நடப்பது நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற பாரம் தூக்க வேண்டும். ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் இரண்டு போதும், கிழமையில் இரண்டு மூன்று நாள், கதிரையில் இருந்து எழும்பி உட்காருவதையும் அதோடு சேர்த்துச் செய்யுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் காலத்தில் புது மருந்து ஏதும் தொடங்கினீர்களா? கர்ப்பத்தடை ஊசி, ஸ்ரீரொயிட், சில மனநல மருந்துகள் நிறையைக் கூட்டும். களைப்பு, குளிர் தாங்காமை, மாதவிடாய் ஒழுங்கின்மை இருந்தால் தைரொயிட் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மூன்று கிழமையாகத் தராசு அசையவில்லை. கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டியும் முன்பு கருஞ்சிவப்பாக வந்தது, இப்போது நிறமே இல்லை. என் கீட்டோ முடிந்துவிட்டதா? – பரந்தன்

இல்லைத் தம்பி. நாள் போகப் போக உடம்பு கீட்டோனைப் பயன்படுத்தப் பழகும், சிறுநீரகமும் அதை வீணாக்காமல் திருப்பி எடுக்கும், அதனால் பட்டியில் நிறம் மங்கும். நிறம் நன்றாக வந்தாலும் அது உங்கள் வயிற்றுக் கொழுப்பில் இருந்து வந்ததா, காலையில் விழுங்கிய எண்ணெயில் இருந்து வந்ததா என்று பட்டி சொல்லாது. பட்டிக்குச் செலவழிக்கும் காசில் முட்டை வாங்குங்கள்.

மூன்று கிழமையை நான் தேக்கம் என்று சொல்லமாட்டேன். உப்புக் கூடினால், கருவாடு சாப்பிட்டால், மலச்சிக்கல் வந்தால், வயலில் பாடுபட்டுத் தசை நொந்தால் கூடத் தண்ணீர் தங்கும். காலையில் மலசலம் கழித்த பிறகு நிறுத்து, கிழமைச் சராசரியை எழுதுங்கள், தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளவுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, இதற்குக் கீழே இருப்பது நல்லது. நிறையும் இடுப்பும் சேர்ந்து ஆறு கிழமை அசையாவிட்டால் திரும்ப எழுதுங்கள். ஒன்று மட்டும்: பால்மாத் தேத்தண்ணி குடிக்கிறீர்களா? பால்மாவில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு பால்சீனி, நாளுக்கு நாலு கப் என்றால் அதுவும் கணக்கில் வரும்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் இரண்டு நேரம் புக்கை சாப்பிட்டேன். மறுநாள் இரண்டு கிலோ கூட! பட்டினி கிடக்கவா? – முல்லைத்தீவு

ஏன் பட்டினி? இரண்டு கிலோ கொழுப்புச் சேர 15,000 கலோரி மிச்சமாக வேண்டும், அவ்வளவு புக்கை அண்டாவில் இருந்தாலும் உங்கள் வயிறு கொள்ளாது. அது கிளைக்கோஜனும் தண்ணீரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் போய்விடும். அம்மனின் பொங்கலை வருசத்துக்கு ஒருமுறை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: குரக்கன் பிட்டு, ஒடியற் கூழ் இரண்டும் இயற்கை உணவுதானே, கீட்டோவில் சேர்க்கலாமா? – நெடுங்கேணி

நல்ல சாப்பாடுதான், ஆனால் கீட்டோ இல்லை. குரக்கன் மா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து. ஒடியலும் மாதான்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சீனி வருத்தம், பிறசர். கிளினிக் குளிசையும் இன்சுலினும் எடுக்கிறார். என்னைப் பார்த்துத் தானும் கீட்டோ தொடங்கிவிட்டார். நல்லதுதானே? – வவுனியா

இன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள், அடுத்த கிளினிக் நாள் வரை பார்க்க வேண்டாம். மாச்சத்து திடீரென்று குறைய, இன்சுலினும் கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் பழைய அளவிலேயே இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும், நித்திரையில் மயங்கினால் ஒருவருக்கும் தெரியாது. சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பகிளிப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவராக இருந்தால் வேறொரு ஆபத்து: இரத்தத்தில் சீனி பெரிதாகக் கூடாமலே கீட்டோன் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று நோ, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே வைத்தியசாலை. பிறசர்க் குளிசையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

இன்னொன்று, வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் உங்கள் அப்பாவை இந்தச் சாப்பாட்டில் விடாதீர்கள். கொலஸ்ட்ரோலும் பார்க்க வேண்டும், சிலருக்குக் கீட்டோவில் கெட்ட கொலஸ்ட்ரோல் மிக உயரமாக ஏறுகிறது.

கேள்வி: இரண்டு வருசம் கீட்டோ. அலுத்துவிட்டது ஐயா, சோறு வேண்டும்போல இருக்கிறது. தொட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார்கள். – கிளிநொச்சி

அலுத்துவிட்டது என்பதே நல்ல காரணம். 2018இல் வெளியான ஸ்ரான்பர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருசம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள், வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் சிலர் நிறையக் குறைந்தார்கள், சிலர் கூடவும் செய்தார்கள். கீட்டோவைச் சமயம்போலப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சோறு திரும்பி வரும்போது பட்டர் வெளியே போக வேண்டும். அதுதான் பலர் கவனிக்காத இடம். சோற்றையும் எடுத்து, கீட்டோவில் பழகிய எண்ணெய், சீஸ், கஜு, கொழுப்பு இறைச்சி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் நிறை ஏறாமல் என்ன செய்யும்? மத்தியானம் மட்டும் ஒரு தேநீர்க் கோப்பை மொட்டைக்கருப்பன் சோறு, அதோடு மீனும் இலைக்கறியும். சொதியைத் தண்ணிப்பாலில் வையுங்கள். முதல் கிழமை ஒன்றரை இரண்டு கிலோ ஏறும், அது மேலே சொன்ன அதே தண்ணீர், பயந்து திரும்ப ஓடாதீர்கள். ஒரு மாதம் நிறை நிலையாக நின்றால் காலையில் ஒரு இடியப்பமோ இரண்டோ சேர்க்கலாம். சீனித் தேத்தண்ணியை மட்டும் திரும்பக் கூப்பிட வேண்டாம், விட்ட ஒன்று விட்டதாகவே இருக்கட்டும்.

கேள்வி: கள்ளு கீட்டோவா? – பெயர் வேண்டாம், புளியங்குளம்

பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் இருக்கிறது அண்ணை. புளித்த கள்ளில் சீனி குறைந்திருக்கும், முற்றாகப் போயிராது. மதுசாரம் கிராமுக்கு 7 கலோரி, அதை எரித்து முடிக்கும் வரை ஈரல் கொழுப்பைத் தொடாது. கள்ளைவிட அதோடு சேர்ந்து வரும் பொரித்த மரவள்ளியும் கச்சானும் தான் எனக்குப் பயம், கள்ளைப் பற்றிக் கேட்டீர்கள், தட்டு எத்தனை என்று எழுதவில்லை.