குடியிருக்கும் பகுதி குழந்தையின் மனதைப் பாதிக்குமா? அதற்காக வீடு மாறலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: பையனுக்குப் பத்து வயது ஆகப்போகிறது, இருக்கும் இடத்தில் சத்தமும் சண்டையும் அதிகம், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, வசதியானவர்கள் இருக்கும் பக்கம் போய்விட்டால் அவன் மனதுக்கு நல்லதா என்று.

இடம் பாதிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீட்டுத் தரகர் 'நல்ல ஏரியா சார்' என்று காட்டும் இடமும் பிள்ளைக்கு நல்ல இடமும் பல நேரம் வேறு வேறு. நாங்களும் வீடு மாறியவர்கள்தான், அந்தச் சமயத்தில் இதைப் பற்றி நிறையவே படித்தேன். அதில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஒரு சோதனை.

பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் என்று ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாடகை உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதியில்தான் வீடு பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இரண்டாவது பிரிவுக்கும் உதவி உண்டு, நிபந்தனை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூன்றாவது பிரிவுக்கு இரண்டுமே இல்லை. குலுக்கல் போட்டதுதான் இதில் பெரிய விஷயம். சாதாரணமாக, பணமும் அக்கறையும் உள்ள பெற்றோர்தான் நல்ல பகுதியாகத் தேடிப் போவார்கள், அப்புறம் பிள்ளை நன்றாக வந்தால் அது இடத்தாலா பெற்றோராலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இங்கே அந்தக் குழப்பம் கிடையாது.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளின் மனநிலையைப் பார்த்தார்கள், முடிவு 2014-ல் வெளிவந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற பிரிவுப் பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. பையன்கள் கதை தலைகீழ்! உதவி கிடைக்காத பையன்களில் 3.5 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்றால், வறுமை குறைந்த பகுதிக்கான உதவி கிடைத்தவர்களில் 7.1 சதவீதம். நடத்தைக் கோளாறும்கூட அவர்களிடம் அதிகம். யாரும் எதிர்பார்க்காத முடிவு.

ஏன் இப்படி என்று அந்தக் குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசியவர்கள் சொல்வது இது. பெண் பிள்ளைகள் தோழி வீட்டுக்குள் கூடிப் பேசுவார்கள், அதனால் யார் கண்ணையும் உறுத்தாது. பையன்கள் பழைய தெருவில் முனையில் நின்று அரட்டை அடித்து வளர்ந்தவர்கள், புதுப் பகுதியிலும் அதையே செய்தார்கள், அங்கே அது சந்தேகத்துக்கு இடமாகிப் போலீஸ் கண்ணில் பட்டது. அதோடு, பழைய இடத்தில் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி, மாமா மாதிரி இருந்த ஆண்கள் இங்கே இல்லை. சுவரும் கூரையும் மேம்பட்டன, ஆட்கள் காணாமல் போனார்கள்.

இதே சோதனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்கு மாறிப் போன பிள்ளைகள் பெரியவர்களாகி, இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத பிரிவினரைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு லாபம் இல்லை, கொஞ்சம் நஷ்டம்தான். ஆக, மாறுவது என்று முடிவெடுத்தால் உங்கள் பையனுக்கு இதுதான் வயது. இன்னும் ஐந்து வருடம் பணம் சேர்த்துவிட்டுப் பெரிய வீடாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மாறிப் போன புதிதில் எங்கள் பையன் சாயங்காலமானால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பான். கீழே பிள்ளைகள் விளையாடாமல் இல்லை, ஆனால் அவர்களுக்குள் அணி பிரித்து முடிந்திருந்தது. நான் போய்ச் சேர்த்துவிட்டால் 'அம்மாவைக் கூட்டிட்டு வந்தவன்' என்று ஆகிவிடும். ஒருநாள் கீழ்வீட்டுப் பெரியவர் அண்ணாந்து பார்த்து, "ஏய் தம்பி, பந்து என்ன அழகுக்கா வெச்சிருக்கே? இறங்கி வா, இவனுங்களுக்கு கோலுக்கு ஆள் இல்லையாம்" என்றார். இறங்கிப் போனான். அதற்கும் நான் அந்தக் குடியிருப்புக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ராபர்ட் சாம்ப்சன் என்ற சமூகவியலாளர் தன் சகாக்களோடு சேர்ந்து சிகாகோவின் 343 பகுதிகளில் அளந்ததும் ஏறக்குறைய இந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் இருக்கிறார்களா என்பதைத்தான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா, ஒரு பிள்ளை பெரியவரிடம் மரியாதையில்லாமல் நடந்தால் கேட்பார்களா, இப்படிக் கேள்விகள். ஆம் என்ற பதில் அதிகம் வந்த பகுதிகளில் வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வன்முறை குறைவாக இருந்தது. 1997-ல் வந்த ஆய்வு.

சண்டை அதிகம் என்கிறீர்களே, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சிகாகோவில், பக்கத்தில் ஒரு கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் வாசிப்பு, சொல்லறிவுத் தேர்வு எழுதிய பிள்ளைகள் வழக்கத்தைவிட நன்றாகவே குறைந்த மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'அவன் முன்னாடி எதுவும் பேசுறதில்லையே' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

சத்தமும் அப்படியே. நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், பாதையைப் பார்த்த வகுப்பறைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குள் வாசிப்பில் ஒரு வருடம் வரை பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்து, வகுப்பறைக் கூரையிலும் சத்தத்தை உறிஞ்சும் பலகை போட்ட பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. மியூனிக்கில் 1992-ல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோது, பழையதன் அருகில் இருந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின, புதியதன் அருகில் இருந்தவர்களுக்குக் குறைந்தது. சத்தம் பழகிவிடும் என்பது பெரியவர்கள் நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. ஆனால் இதற்காக ஏரியா மாற வேண்டியதில்லை, படிக்கும் இடத்தையும் படுக்கையையும் ரோட்டுப் பக்கமில்லாத அறைக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

மரம் செடி கொடி பற்றியும் கேட்பீர்கள். டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த கணக்கில், பசுமை மிகக் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநோய் வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை அதிகம் என்று வந்தது. இதில் குலுக்கல் எல்லாம் கிடையாது, அதனால் மரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தால் நல்லது.

அப்புறம் வசதியானவர்கள் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உதைக்கிறது. பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில், வசதியான அண்டை வீட்டாருக்கு நடுவே வளர்ந்த ஏழைப் பையன்களிடம் பொய், சண்டை, திருட்டு போன்றவை அதிகமாகவே இருந்தன. உங்கள் நிலைமை அந்த அளவுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கையை மீறிய வாடகைக்குப் போய், மாசக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் பணத்துக்காகச் சண்டை போடும் வீட்டில் எந்தப் பூங்காவும் அவனைக் காப்பாற்றாது.

வீடு பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், சாதாரண நாளில் பள்ளி விட்ட நேரத்துக்குப் போங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு. வெளியே பிள்ளைகள் இருக்கிறார்களா, இருந்தால் அவன் வயதில் இருக்கிறார்களா, துணைக்கு ஆள் இல்லாமல் ரோட்டைக் கடந்து நண்பன் வீட்டுக்குப் போய்வர முடியுமா, இவ்வளவு பார்த்தால் போதும். அதே பள்ளியில் தொடர முடிகிற தூரம் என்றால் இன்னும் நல்லது, அவனுடைய ஆட்கள் பாதிப் பேராவது கூடவே இருப்பார்கள். இப்போதைய தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள் நாலு பேர் இருந்து, சத்தம்தான் தொல்லை என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வீடு மாற மாட்டேன். சண்டை கத்திக்குத்து வரை போகிறது என்றால் யோசிக்காமல் கிளம்பிவிடுவேன்.