வெயின் (ரத்தக் குழாய்) கிடைக்காத நோயாளிக்கு ஐ.வி. மருந்தைப் பாதுகாப்பாகப் போடுவது எப்படி?

நீங்கள் நர்சிங் முடித்துப் புதிதாக வார்டுக்கு வந்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வெயின் கிடைப்பது பழகப் பழக வந்துவிடும். கையில் கட்டும் டூர்னிகே பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள், ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவாதீர்கள், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையைத் தொடவே வேண்டாம். ரெண்டு தடவை குத்தியும் வரவில்லையா, கௌரவம் பார்க்காமல் சீனியரைக் கூப்பிடுங்கள். எனக்குப் பயமெல்லாம் யாரோ போட்டுவிட்டுப் போன வென்ஃப்ளானை (வெயினுக்குள் விட்டு வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) நம்பி மருந்து ஏற்றுவதில்தான்.

ஒரு நைட் டூட்டியில், ஃபிட்ஸ் வந்த ஒரு பாட்டியை வேறு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். புறங்கையில் நீல வென்ஃப்ளான், பிளாஸ்டர் மேல் பிளாஸ்டர். ஃபிட்ஸுக்கான ஃபெனிடாய்ன் மருந்தைப் போடச் சொல்லி ஆர்டர். முதலில் சலைன் ஃப்ளஷ் செய்தேன், தடையில்லாமல்தான் போனது. ஆனால் பிளாஸ்டர் ஓரத்தில் தோல் லேசாக உப்பியிருந்தது, தொட்டால் மற்ற கையைவிட ஜில்லென்று இருந்தது. பாட்டிக்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை, வலிக்கிறது என்று அவர் சொல்லப்போவதில்லை. குழாய் வெயினுக்கு வெளியே கசிகிறது என்று சந்தேகப்பட்டுக் கழற்றிவிட்டேன். "நல்லா இருக்கிற ஊசிய ஏன் சிஸ்டர் புடுங்குறீங்க" என்று மகன் ஒரே சத்தம், கையில் செல்லை வைத்து வீடியோ வேறு.

ஃபெனிடாய்ன் கடுமையான காரம், பி.எச். 12 பக்கம். வெயினுக்கு வெளியே கசிந்தால் கை ஊதாவாக வீங்கிவிடும், மோசமானால் தோலே அழுகும். முன்னங்கையில் பெரிய வெயினாகப் பார்த்து பிங்க் வென்ஃப்ளான் போட்டு, ரத்தம் பின்னால் வருவதை உறுதி செய்துகொண்டு, நார்மல் சலைனில் கலந்து (டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் திரிந்து படிந்துவிடும்) மானிட்டரைப் பார்த்தபடி ஏற்றினோம். நிமிஷத்துக்கு 50 மி.கி.தான் உச்சம், பாட்டியின் வயசுக்கு அதைவிட மெதுவாக. ஃபிட்ஸ் கேஸில் தாமதம் செய்யலாமா என்று இங்கே யாராவது கிளம்பி வருவீர்கள். லோராசிபாம் போட்டு ஃபிட்ஸ் நின்ற பிறகுதான் எங்களிடம் அனுப்பினார்கள், போதுமா?

அப்புறம் உங்கள் பாதுகாப்பு. நீடிலுக்குத் திரும்ப மூடி போடாதே என்று சுவரில் போஸ்டர் இருக்கும், ஊசியை வெட்டிப் போடும் ஹப் கட்டர் வார்டின் மறுகோடியில் இருக்கும். கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணிநேரம் தாண்டக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வேலைக்குச் சேரும்போதே கேட்டு வாங்குங்கள். நான் முதலில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் அந்த ஊசிக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள்.