வாசகர் கேள்வி பதில்: கத்தோலிக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகள்

கேள்வி: எங்கள் மகள் நான்காம் வகுப்பிலிருந்து கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கவிருக்கிறாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன கற்பிக்கிறார்கள்? கத்தோலிக்கச் சமயப் பாடமான மறைக்கல்விக்கே பெரும்பகுதி நேரம் போய்விடுமா?

பதில்: அந்தக் கவலை வேண்டாம். மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவை மற்றப் பள்ளிகளில் நடப்பதுபோலவே நடக்கும். கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித்தரம் அப்பகுதியின் பிற பள்ளிகளுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பே கூறுகிறது.

வேறுபாடு மறைக்கல்வி வகுப்பில் இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் முதல் நற்கருணை (வழிபாட்டில் இயேசுவின் உடலாக ஏற்று உண்ணும் அப்பம்) பெற்றுவிடுகிறார்கள். அதுவரை செபங்களை மனப்பாடம் செய்தவர்கள் இப்போது காரணம் கேட்கத் தொடங்குகிறார்கள். நல்ல ஆசிரியர் அந்தக் கேள்விகளிலிருந்தே பாடத்தை நடத்துவார். 73 நூல்கள் அடங்கிய திருவிவிலியத்தில் அதிகாரமும் வசனமும் பார்த்து ஒரு பகுதியைத் தாங்களே தேடி எடுக்கவும், ஆபிரகாம், மோசே, தாவீது ஆகியோரின் வரலாறுகளை இயேசுவை நோக்கிச் செல்லும் ஒரே தொடராகப் படிக்கவும் பழகுகிறார்கள். திருமுழுக்கு, நற்கருணை முதலான ஏழு அருளடையாளச் சடங்குகள், நற்கருணை வழங்கப்படும் வழிபாடான திருப்பலியின் பகுதிகள், தவக்காலம் போன்ற திருவழிபாட்டு ஆண்டின் காலங்கள் ஆகியவையும் உண்டு.

நான் மிகவும் மதிப்பது அறநெறிப் பகுதியை. பத்துக் கட்டளைகளை ஒப்பிப்பதோடு நின்றுவிடாமல், பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை, வகுப்புக்கு வராத ஒரு தோழியைப் பற்றிப் பரவும் பேச்சுக்கும் பொருந்துமா என்று பிள்ளைகள் ஆராய வேண்டியிருக்கிறது. அன்று செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் எண்ணிப் பார்க்கும் மனச்சான்று ஆய்வு இந்த வயதில்தான் வேர்பிடிக்கிறது. பிறருடைய உடல் தேவைகளுக்கு உதவும் இரக்கச் செயல்கள் என்று திருச்சபை கற்பிக்கும் ஏழில், பசித்தோருக்கு உணவளித்தல் முதலான ஆறு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலிருந்து வந்தவை. இறந்தோரை அடக்கம் செய்தல் பழைய ஏற்பாட்டின் தோபித்து நூலை ஒட்டிச் சேர்ந்தது. இவற்றைப் பட்டியலாக எழுதவைத்தால் மட்டும் போதாது. உணவுப் பொருள் திரட்டவோ முதியோரைச் சந்திக்கவோ பிள்ளைகளுக்கு வாய்ப்பளிக்காத பள்ளி இப்பாடத்தைப் பாதிதான் நடத்தியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். உலகம் ஆறு நாள்களில் படைக்கப்பட்டது என்று அறிவியல் வகுப்பிலும் சொல்வார்களா? வழிபாட்டில் பங்கேற்கக் கட்டாயப்படுத்துவார்களா?

பதில்: தொடக்கநூலின் படைப்பு வரலாறு மறைக்கல்விக்கு உரியது, படைத்தவர் கடவுள், படைப்பு நல்லது என்னும் நம்பிக்கையைச் சொல்வதாகவே அது கற்பிக்கப்படுகிறது. மனித உடலின் பரிணாமத் தோற்றம் பற்றிய ஆய்வுக்குத் தடையில்லை என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1950இலேயே எழுதினார். மரபியலுக்கு அடித்தளமிட்ட கிரெகர் மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு.

நம்பிக்கையை எவர்மீதும் திணிக்கலாகாது என்பது கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கையின் நிலைப்பாடு. உங்கள் மகள் நற்கருணை பெற வேண்டியதில்லை. திருப்பலியின்போது மரியாதையுடன் அமர்ந்திருந்தால் போதும் என்பதே பொதுவான வழக்கம். ஆனால், மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் அமர வேண்டுமா, அதற்குத் தேர்வு உண்டா என்பவை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே, சேர்க்கைக்கு முன்பே தலைமையாசிரியரைச் சந்தித்து இவ்விரண்டையும் நேரடியாகக் கேட்டறிந்து, அதன்பின் உங்கள் மகளிடமும் விளக்கிச் சொல்லுங்கள்.