பழைய கதாபாத்திரங்களின் இனம், பாலினம், பாலீர்ப்பை மாற்றுவது சரியா?

மாற்றலாம் என்பதுதான் என் பதில். மாற்றிவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சில பாத்திரங்களுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. 1963-ல் மார்வெல் காமிக்ஸில் வந்த நிக் ஃப்யூரி வெள்ளையர், இன்று அந்தப் பெயரைச் சொன்னால் படங்களில் அவராக நடிக்கும் கறுப்பின நடிகர் சாமுவேல் ஜாக்சன் முகம்தான் வருகிறது, உளவுப் படைத் தலைவருக்கு அது போதும்.

ஆனால் கமலா கானைப் பாருங்கள். மிஸ் மார்வெல் என்ற சூப்பர்ஹீரோ பெயர் முன்பு பொன்னிற முடிக்காரி கேரல் டேன்வர்ஸுடையது. கேரல் கேப்டன் மார்வெல் என்று பெயர் மாற்றிக்கொள்ள, 2014-ல் அந்தப் பழைய பெயர் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் வீட்டுப் பெண்ணான கமலாவுக்கு வந்தது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், அவரும் முஸ்லிம். முதல் இதழே கடையில் பன்றிக்கறி சாண்ட்விச்சை ஆசையாக மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் நிற்கும் கமலாவோடுதான் தொடங்குகிறது. சக்தி கிடைத்ததும் அவள் முதலில் கேரலாகவே மாறிவிடுகிறாள், அதே பொன்முடி, அதே உடுப்பு, ஆனால் முடி முகத்தில் வந்து விழுகிறது, உடுப்பு உறுத்துகிறது, ஆசைப்பட்ட உருவம் கிடைத்தும் நிம்மதி இல்லை. அப்புறம் தன்னுடைய புர்கினியை, அதாவது உடல் முழுக்க மூடும் நீச்சலுடையை, வைத்துத் தனக்கென்று ஓர் உடுப்பு செய்துகொள்கிறாள். அவள் யார் என்பதுதான் அங்கே கதையே.

அப்படியே ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரில் கப்பலைச் செலுத்தும் சுலுவுக்கு வாருங்கள். 1966 தொடரில் சுலுவாக நடித்த ஜார்ஜ் டக்கெய், தான் தன்பாலீர்ப்பாளர் என்று 2005-ல் வெளிப்படையாகச் சொன்னவர். அவரைக் கௌரவிக்கத்தான் 2016 படத்தில் சுலுவுக்கு ஒரு கணவரையும் மகளையும் கொடுத்தார்கள். டக்கெய்க்கே அது பிடிக்கவில்லை, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி படைத்த சுலு அப்படிப்பட்டவர் இல்லை, புதிதாக ஒருவரை உருவாக்குங்கள் என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் என் குறை வேறு. கப்பலை விட்டு இறங்கும் சுலு மகளைத் தூக்கிக்கொள்கிறார், கணவரை அணைத்தபடி நடந்து போகிறார், எல்லாம் சில விநாடிகள். அதே படத்தில் பிறகு தாக்கப்படுவது அந்த இருவரும் இருக்கிற விண்வெளி நகரம்தான்! ஒரு மனிதர் கப்பலைச் செலுத்திக்கொண்டே, என் பிள்ளை அங்கே இருக்கிறாளே என்று துடிப்பதைக் காட்ட அதைவிட நல்ல இடம் ஏது? அங்கே ஒரு நிமிடம் நின்றிருந்தால்கூட அந்தக் கணவரும் கதைக்குள் ஓர் ஆளாகியிருப்பார்.