விமானத்தில் சொந்த சைக்கிளைக் கொண்டுபோய் ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும். எப்படிக் கழற்றிக் கட்டுவது, எது உடையும்?

மூன்று நாளுக்குக் குறைவாக ஓட்டுவதென்றால் கொண்டுபோகாதீர்கள். கழற்றிக் கட்ட அரை நாள், இறங்கியதும் பூட்ட அரை நாள், திரும்பும்போது மறுபடி அதே பாடு. அதற்கு வாடகை சைக்கிளே மேல். உங்கள் சைக்கிளின் சீட்டையும் பெடலையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு, கிராங்க் (பெடல் மாட்டும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு போனால் போதும்.

ஒரு வாரம் என்றால் கொண்டுபோகலாம். புது சைக்கிள் வரும் அட்டைப்பெட்டி கடையில் கேட்டால் கிடைக்கும். ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவையின், இரு கால்களுக்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றிய ஃபோர்க்கின் மேல் இன்னொரு பெட்டி விழுந்தால் கால்கள் உள்பக்கமாக நெருங்கிவிடும். அதைத் தடுப்பது அந்தத் துண்டுதான்.

பெரும்பாலும் அடிபடுவது பின் டிரெய்லியர் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) மாட்டியிருக்கும் ஹேங்கர். சட்டத்தைக் காப்பாற்றத் தான் வளையட்டும் என்றே மெல்லிய அலுமினியத்தில் செய்யப்பட்ட சின்னத் துண்டு அது. 5 மி.மீ. ஆலன் கீயால் டிரெய்லியரைக் கழற்றி, கேபிளையும் செயினையும் விடுவிக்காமல் அப்படியே துணியில் சுற்றி, பின் சட்டத்துக்கு உள்பக்கமாக ஜிப் டையால் கட்டிவிடுங்கள். மாற்று ஹேங்கர் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் இதன் வடிவம் மாறும் என்பதால் போன இடத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பெடல் கழற்றும்போது குழப்பமே வேண்டாம். வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடதுக்கு எதிர்மரை. எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் பிடி மேலே நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் கழலும். திரும்பப் பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றை விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு வராததை ஸ்பேனரால் திருகினால் கிராங்கின் மரை போய்விடும். அதைச் சாலையோரத்தில் சரிசெய்ய முடியாது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தை எடுத்ததும் பேட்களுக்கு (டிஸ்கைப் பிடிக்கும் கட்டைகள்) நடுவே தடுப்புத் துண்டு செருகுங்கள். அது இல்லையென்றால் அட்டையை மடித்துச் செருகினாலும் சரி. பெட்டிக்குள் லீவர் ஒருமுறை அழுந்தினாலே பேட்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது.

ஹேண்டில்பாரை எடுக்க ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) முன்மூடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் போதும். மேல்மூடியைத் தொடாதீர்கள், தொட்டால் ஹெட்செட்டை (கழுத்து பேரிங்) மறுபடி சரிசெய்யும் வேலை வரும். பூட்டும்போது மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும், பொதுவாக 5. சீட் தண்டைக் கழற்றுமுன் உயரத்தில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள்.

டயர் வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு. தரையைவிடச் சுமார் கால் பங்குதான் குறையும். டயருக்கு மூன்று, நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடினதுபோல, அவ்வளவே. காற்றை இறக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அப்போதும் 15, 20 பிஎஸ்ஐ விட்டுவையுங்கள். டியூப்லெஸ் டயரை முழுக்க இறக்கினால் ரிம்மிலிருந்து விலகி, உள்ளே இருக்கும் சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) பெட்டியெல்லாம் ஒழுகும். பவர் பேங்கும் லைட்டின் தனி பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும். 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் விடமாட்டார்கள், ஆகவே மின்சார சைக்கிளுக்கு இந்த வழியே கிடையாது.

இறங்கி மாட்டியதும் ஹோட்டலுக்கு ஓட்டிக் கிளம்பிவிடாதீர்கள். பின்னால் குனிந்து பாருங்கள்: டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ப்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அப்படியே பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லியர் ஸ்போக்கில் சிக்கும், பயணம் அதோடு சரி. அடுத்து முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் 'டொக் டொக்' என்றால் ஸ்டெம்மின் பக்க ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மேல்மூடியைச் சற்று இறுக்கி, பிறகு பக்க ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. பிறகு இரண்டு கிலோமீட்டர் எல்லா கியரிலும் ஓட்டிவிட்டு ஸ்க்ரூக்களை மறுபடி தொட்டுப் பாருங்கள்.

நாளுக்கு 40, 50 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். சுமையோடு சராசரி மணிக்கு 12 முதல் 15 தான் வரும், நின்று பார்க்கும் நேரம் தனி.

திரும்பும் ஊர் வேறென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. கிளம்பும் முன்பே அந்த ஊர் சைக்கிள் கடை ஒன்றுக்கு எழுதி, ஒரு காலிப்பெட்டி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் அளவையும் குறிப்பிடுங்கள். சின்னப் பெட்டி வந்தால் பின் சக்கரத்தையும் கழற்ற வேண்டியிருக்கும்.